ஒரு படி தவிடும் ஒரு பச்சைப் புள்ளியும்

1988-ம் வருடம், ஆடி மாதம். பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான், வாலிகண்டபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையில் ஐஸ் டப்பாவும் தோளில் பையுமாக உள்ளே மூன்று மைல் நடந்தேன். ஆடிக் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. போகும் இடம் ஒரு வீடு. அந்த வீட்டில் இரண்டு பையன்கள் நடக்க முடியாமல் கிடந்தார்கள்.

மூத்தவனுக்குப் பதினைந்து வயது, இளையவனுக்குப் பதினொன்று. இருவரும் நாலைந்து வயது வரை ஓடியாடித் திரிந்தவர்கள்தான். பிறகு அடிக்கடி விழுந்தார்கள். எழுந்திருக்கும்போது தங்கள் தொடையையே கையால் பிடித்து ஏறி எழுந்தார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. அவர்களுடைய தாய்மாமன் ஒருவரும் இதேபோல் கிடந்து இருபது வயதுக்குள் போய்ச் சேர்ந்தவர். இது தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். தாய்வழியாக வரும், பையன்களைத்தான் படுக்கவைக்கும். பெண்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்கள் உடம்புக்குள் அந்தக் குறை ஒளிந்திருந்து, அவர்கள் பெறும் ஆண்பிள்ளைக்கு வரலாம்.

பெரம்பலூரில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர் இந்தக் குடும்பத்தைப் பற்றி எங்கள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீதானே அரியலூர்ப் பக்கம்? அவங்க பேச்சும் பழக்கமும் உனக்குத்தான் புரியும், நீ போ" என்றார். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி.என்.ஏ. என்பது நாலே நாலு வகை மணிகளை மாற்றி மாற்றிக் கோத்த மிக நீண்ட நூல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மணிக்கு நியூக்ளியோடைடு என்று பெயர். எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது, பக்கவாட்டில் ஒரு சின்னக் கொக்கி வைத்துச் செய்த மணி. அந்த மணியைச் சேர்த்து ஒரு துண்டு நூலைத் தயாரித்து, ஒருவருடைய செல்களின் மேல் விட்டால், அந்தத் துண்டு தன் ஜோடி இருக்கும் இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயத்தை ஊற்றினால், அது கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். நோயைச் சுமக்காத பெண்ணுக்கு இரண்டு இடத்தில் புள்ளி இருக்கும். நோயைச் சுமக்கும் பெண்ணுக்கு ஒரே இடத்தில்தான் இருக்கும். இன்னொரு இடம் காலி. நோயுள்ள பையனுக்கு ஒன்றுமே இருக்காது. இந்த வீட்டு நோய், அந்தத் துண்டு அப்படியே காணாமல்போன வகை என்று பேராசிரியர் சந்தேகப்பட்டார்.

அந்தக் கொக்கி வைத்த மணி ஒரு சின்னக் குப்பியில், அடியில் ஈரம் படிந்த மாதிரி கொஞ்சூண்டு வரும். எழுதிப் போட்டு வந்துசேர ஏறக்குறைய எட்டு மாதம். முதலில் வந்த பார்சல் கஸ்டம்ஸில் கிடந்து, ஐஸ் எல்லாம் உருகிக் கெட்டே போனது. இரண்டாவது குப்பி வந்தபோது நாங்கள் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டோம். கணக்குப் பார்த்ததில் ஒன்பது பேருக்குச் சரியாக இருக்கும். எட்டுப் பேரைச் சோதிப்பது, ஒரு ஆளுக்கான அளவை ஏதாவது சொதப்பினால் இருக்கட்டும் என்று மிச்சம் வைப்பது. இதுதான் திட்டம்.

அந்த வீட்டில் ஒரே வாசலுக்கு இரண்டு குடும்பம். அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், தம்பி குடும்பம் ஒரு பக்கம். நோயாளிப் பையன்கள் தம்பியின் பிள்ளைகள். நான் ஒரு நீளத் தாளை விரித்து வம்சப் படம் போட்டேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. பையன்களின் தாய் ஒவ்வொருவரையாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் பையன்களுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து மாதம் திரும்புவதற்குள் செத்துப்போனதையும் சொன்னார்கள். அதையும் எழுதினேன்.

அப்போது ஒரு பெண் மூத்த பையனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தாள். அவன் தலை சாயாமல் தோளால் அணைத்துப் பிடித்திருந்த விதத்திலேயே, இது தினமும் செய்கிற வேலை என்று தெரிந்தது. இருபது வயது இருக்கும். இளையவனைத் தூக்கப் போனபோது அவன் அவளை அடித்தான். அவள் சிரித்துக்கொண்டே அவன் காதைத் திருகினாள். இது யார் என்று கேட்டேன். அண்ணனின் மனைவி, "எம் மவதான் சார்" என்றார். பையன்களின் தாய் எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் பையன்களின் தாயை "சித்தி" என்றும் அண்ணனின் மனைவியை "அம்மா" என்றும் கூப்பிட்டாள். நான் அண்ணன் குடும்பத்துக்குக் கீழே ஒரு வட்டம் போட்டேன். சித்தி மக்களை இப்படிப் பார்த்துக்கொள்கிற பெண்ணா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் அவளைக் கூப்பிட்ட பெயரில் தவிடு இருந்தது. அன்று அந்தப் பெயர் என் காதில் பத்துத் தடவையாவது விழுந்திருக்கும். நான் பள்ளிக்கூடப் பெயரைக் கேட்டு வாங்கி அதை எழுதிக்கொண்டேன்.

எட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்தேன். பையன்கள் இருவர், அவர்கள் தாய், தாயின் தங்கைகள் இருவர், அந்தத் தங்கைகளின் பெண்கள் மூவர். இதற்காகவே தங்கைகள் அரும்பாவூரிலிருந்து வந்திருந்தார்கள். ஊசியையும் குழாய்களையும் எடுத்து வைக்கும்போது அந்தப் பெண் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, கையை நீட்டினாள்.

"எனக்கும் எடுங்க சார்."

அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மேதாவி மாதிரி ஒரு குச்சியை எடுத்துத் தரையில் படம் போட்டு விளக்கினேன். இந்த நோய் தாய்வழியாக மட்டும்தான் வரும். உன் சித்தி பிறந்த வீட்டில் இது இருக்கிறது. உன் அம்மா வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், வேறு வீட்டுப் பெண். அதனால் உனக்கு இது வர வழியே இல்லை. அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வருகிறது, வீணாக்க முடியாது. இதையெல்லாம் சொன்னேன்.

அவள் அம்மாவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை மடக்கவில்லை. "நிச்சயமாவா சார்?" என்று கேட்டாள்.

"நூத்துக்கு நூறு. உன் தாய் வேற வூடு. உன் பிள்ளைக்கு வராது" என்றேன். ஊர்ப் பேச்சில் சொன்னால் மனதில் பதியும் என்று ஒரு நினைப்பு.

அண்ணனின் மனைவி சிரித்தார். சித்தி என்று அவள் கூப்பிட்ட அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளைகள் இப்படிக் கிடக்கும் வீட்டில் அழுகைக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை என்று நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் கையை மெதுவாக இறக்கிக்கொண்டு, இளையவனைத் தூக்கப் போய்விட்டாள்.

ரத்தத்தை மறுநாள் காலைக்குள் சென்னையில் சேர்த்து, மூன்று நாள் செல்களை வளர்த்து, கண்ணாடித் தகட்டில் இட்டு, சாயம் ஏற்றி முடிக்க ஐப்பசி ஆகிவிட்டது. எதுவும் சொதப்பவில்லை. பையன்களிடம் புள்ளியே இல்லை. தாயிடம் ஒன்று. தங்கைகளில் ஒருத்திக்கு இரண்டு, இன்னொருத்திக்கு ஒன்று. தங்கைகளின் பெண்கள் மூவரில் ஒருத்திக்கு மட்டும் ஒன்று. பேராசிரியர் என் முதுகில் தட்டினார். எனக்குக் கால் தரையில் படவில்லை. முடிவுகளைப் பெரம்பலூர் டாக்டருக்கு எழுதிப் போட்டோம். அவர் அந்தந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். அதில் ஒரு குடும்பமாவது விவரம் தெரிந்து நடந்துகொண்டது என்பது இன்றும் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல்.

ஒரு ஆளுக்கான மிச்சம் அப்படியே இருந்தது. பேராசிரியர் ஒரு கூட்டத்தில் பேசப் போகிறார். நல்ல படமாக ஒன்று வேண்டும் என்றார். நோயில்லாத பெண்ணின் இரண்டு புள்ளிகளும் பளிச்சென்று தெரிகிற மாதிரி வேண்டுமாம். பக்கத்து அறையில் வேலை செய்த மாணவியிடம் ரத்தம் கேட்டேன், கொடுத்தாள். மிச்சத்தை அதற்கே செலவழித்தேன். படம் மிக நன்றாக வந்தது. பெரிதாக்கி ஆராய்ச்சிக்கூட வாசலில் மாட்டினார்கள்.

தை மாதம் ஆராய்ச்சிக்கூட முகவரிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரஞ்சன்குடிப் பக்கம், வெங்காய வியாபாரம். பத்திரிகையில் பெற்றோர் இடத்தில் அந்த வீட்டு அண்ணன், அவர் மனைவி பெயர்தான் இருந்தது. ஓரத்தில் பேனாவால், "கட்டாயம் வரணும் சார்" என்று அவளே எழுதியிருந்தாள். அரியலூரில் என் வீட்டுக்கும் போய் வந்த மாதிரி இருக்கும் என்று கிளம்பினேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. பையன்கள் இருவரையும் முன்வரிசையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். ஆறே மாதத்தில் மூத்தவன் இன்னும் இளைத்திருந்தான். எனக்குக் கையில் அட்சதையைக் கொடுத்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பெண்ணை மணையில் உட்காரவைப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. பையன்களின் தாய் ஒரு படி நிறையத் தவிட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அண்ணனின் மனைவி முந்தானையை விரித்துப் பிடித்தார். அந்தத் தவிடு முந்தானையில் விழுந்தது. பிறகு அவர் மணப்பெண்ணின் கையை எடுத்து, பையன்களின் தாயின் கையில் வைத்தார். "எம் பொருள நான் வாங்கிக்கிட்டேன்" என்று அந்தத் தாய் மூன்று தடவை சொன்னார். கூடியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். கேட்கத் தேவையே இல்லை, ஆனாலும் கேட்டேன். "இது அந்தப் பசங்களோட அம்மா பெத்த புள்ளதான் சார். முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கலேல்ல, அதான் இத தவுட்டுக்குக் குடுத்துட்டாங்க. கல்யாணத்துல திருப்பி வாங்கிக்கிறதா வேண்டுதல்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

இந்த வழக்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தால், அடுத்து பிறக்கும் பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு வேறொரு வீட்டுப் பெண்ணிடம் விற்றுவிடுவார்கள். இது இவளுடைய பிள்ளை இல்லை, வேறு ஒருத்தியுடையது என்று ஆகிவிட்டால் எமன் ஏமாந்து போவான் என்று நம்பிக்கை. அதற்குப் பிறகு பெற்றவள் அதை என் பிள்ளை என்றோ, அந்தப் பிள்ளை அவளை அம்மா என்றோ வாயால் சொல்லக் கூடாது. இது தெரியாதவனா நான்? என் சொந்தப் பெரியப்பா அப்படி விற்கப்பட்டவர். விற்ற பிள்ளை என்பதற்கு அடையாளமாக வலது மூக்கில் குத்திய தழும்போடு கடைசிவரை இருந்தார். நான் சின்ன வயதில் அந்தத் தழும்பைத் தொட்டுத் தொட்டுக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான், இறந்த இரண்டு குழந்தைகளையும் என் கையால் எழுதி, தவிட்டின் பெயரைப் பத்துத் தடவை காதால் கேட்டும், தாளில் வட்டத்தைத் தப்பான இடத்தில் போட்டேன்.

அவள் அந்தப் பையன்களின் கூடப்பிறந்த அக்கா. அவளுக்குள் அந்தக் குறை இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தான் யார் பிள்ளை என்று தெரிந்துதான் அன்று கையை நீட்டியிருக்கிறாள்.

மேளம் உயர்ந்தது. எழுந்து நின்று நிறுத்துங்கள் என்று சொல்வதா? எதைச் சொல்லி? அவ்வளவு பேருக்கு முன்னால் அவளுடைய ரத்தத்தைப் பற்றிப் பேசினால் அவள் கதி என்ன ஆகும்? எல்லோரும் அட்சதை போட்டார்கள். நானும் போட்டேன்.

பந்தி நடக்கும்போது பையன்களின் தாயைக் கிணற்றடியில் தனியாகப் பிடித்தேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். என் தப்பை வேறு யார் தலையிலாவது வைக்க அப்போது அவ்வளவு அவசரம்.

அவருக்கு என் கோபம் புரியவே இல்லை. "நீங்கதானே சார் சொன்னீங்க, அவ தாய் வேற வூடு, அவளுக்கு வராதுன்னு. படிச்சவரு வாயாலயே வந்துருச்சே, தவுட்டுக்குக் குடுத்தது வீண் போகலன்னு அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருடம் வாயைக் கட்டிக்கொண்டு காத்த வேண்டுதல் பலித்ததா என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதற்கு நான் சென்னையிலிருந்து ஐஸ் டப்பாவோடு வந்து, தரையில் படம் போட்டு, பலித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அன்று அவர் அழுததும் அதற்காகத்தான்.

தவிடு கை மாறினாலும் ரத்தம் மாறாது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு அவளிடம் சொல்லாதீர்கள், மாலையைக் கழற்றட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சென்னைக்கு வந்ததும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வாசலில் மாட்டியிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு புதுக் குப்பிக்கு எழுதிப் போட உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரையில் அவள் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது பெற்ற அம்மா அவளிடம் சொல்லிவிட்டார். பெரம்பலூர் டாக்டரின் கிளினிக்குக்கு அவளே வந்தாள்; டாக்டர் தகவல் சொல்லி நானும் போயிருந்தேன். இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். ரவிக்கைக் கையைச் சுருட்டி, அதே கையை நீட்டினாள். ரத்தம் எடுத்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், எப்போது தெரியும் என்று கேட்டாள். மருந்து வந்ததும் என்றேன். எப்போது வரும் என்றாள். தெரியாது என்றேன். அந்த மிச்சம் மட்டும் கையில் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் பதில் சொல்லியிருப்பேன். என்ன செய்வது என்று முடிவெடுக்கும் காலமாவது அவளுக்குக் கிடைத்திருக்கும். இதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

அவளுடைய செல்களைத் தகட்டில் ஏற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். ஆவணிக் கடைசியில் குப்பி வந்தது. அவளுக்கு ஏழாம் மாதம்.

அந்த மைக்ரோஸ்கோப்பில் ஒரு தொல்லை உண்டு. பச்சைப் புள்ளியைக் கண்டுபிடிக்கப் பாய்ச்சும் அதே வெளிச்சம் அதை அழித்துவிடும். பார்க்கப் பார்க்க மங்கும். இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் செல்லைப் பார்த்தேன். ஒரு இடத்தில் புள்ளி. இன்னொரு இடம் இருட்டு. சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போனேன். அதிலும் ஒன்று. இருபது செல்கள் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்தக் காலி இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில், இருந்த ஒரு புள்ளியும் கண்ணெதிரில் அணைந்துபோனது. அந்த இருட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நேரில் போய்த்தான் சொன்னேன். பேச அவளும் பெற்ற அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆம்பளப் புள்ளையா இருந்தா மட்டுந்தானே சார்?"

ஆமாம், அதுவும் பாதிக்குப் பாதிதான் என்றேன். அவள் கட்டிலில் கிடந்த தம்பிகளைப் பார்த்தாள். மூத்தவனுக்கு அப்போது மூச்சே கனமாகிவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்ததை விட அந்த நோயைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியும். அந்த உடம்புகளை எவ்வளவு வருடமாகத் தூக்கியிருக்கிறாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. பையன். பதினோராம் நாள் நீங்கள் வரவேண்டும் என்று ஒரு கார்டு வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவே போனேன்.

அவளும் கணவரும் வாசலில் நின்றிருந்தார்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கீழே ஒரு படி நிறையத் தவிடு இருந்தது. பெண்கள்தான் வாங்குவது வழக்கம், ஆனால் அவள் அந்தப் படியை என் கையில் கொடுத்தாள்.

உனக்குமா இதில் நம்பிக்கை என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு நம்பிக்க கெடயாது சார். ஆனா நீங்க வாங்கிட்டா இவன் உங்க புள்ள. நீங்க வந்து பாத்துக்கிட்டே இருப்பீங்கள்ல" என்றாள்.

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். நான் தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினேன். அவள் குழந்தையை என் கையில் வைத்தாள். சூடாக, மிகவும் லேசாக இருந்தான். என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அந்தப் பிடியின் வலுவைப் பார்த்து ஒரு கணம், எமன் ஏமாந்தால் என்ன என்று நானே நினைத்தேன். ஆராய்ச்சி செய்பவன், இருபது செல்களை எண்ணிப் பார்த்தவன், நினைத்தேன்.

ஏமாறவில்லை. ஐந்தாம் வயதில் அவனும் தொடையைப் பிடித்து ஏறி எழுந்தான். அதற்குள் அவனுடைய மூத்த மாமன் போய்விட்டிருந்தான், பின்னால் இளையவனும். அவள் கணவர் விட்டுப்போய்விடவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும்; பையனைத் தன் முதுகோடு துண்டால் கட்டிக்கொண்டு வெங்காய மண்டிக்குக் கூட்டிப் போவார். அவர்கள் வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. நான் வருடத்தில் இரண்டு தடவையாவது போனேன். சக்கர நாற்காலி வாங்கிப் போனேன், புத்தகம் வாங்கிப் போனேன். அவன் என்னை, தவிட்டு முறைப்படி, அப்பா என்று கூப்பிட்டான். பத்தொன்பது வயது வரை கூப்பிட்டான். கடைசியில் கொள்ளி வைக்கும்போது அவன் தகப்பனார் என்னையும் கைபிடித்து முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினார்.

இப்போது ரத்தம் எடுத்தால் இரண்டு நாளில் பதில் வந்துவிடுகிறது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குக் குப்பிக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களை வம்சப் படம் போட ஊருக்கு அனுப்பும்போது ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்: உங்கள் படத்தில் இடம் இல்லாத யாராவது கையை நீட்டினால், முதலில் அந்தக் கையிலிருந்து ரத்தத்தை எடுங்கள், படத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ரவிக்கைக் கையைச் சுருட்டி அவள் நீட்டிய அந்தக் கையை, நூற்றுக்கு நூறு என்று சொல்லி நான் இறக்கவைத்த அந்தக் கையை, இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.